எத்தனை கலிபர் வேணும்?

கொச்சிக்கடையில எங்கட கூட்டம் வழக்கமாக் கூடுறது ஒரு தேத்தண்ணிக் கடையில. அந்தோனியார் கோயிலடியில இருந்து ஜிந்துப்பிட்டிப் பக்கம் நடந்தா வரும். செவ்வாய்க்கிழமை எண்டா கோயிலுக்கு வாற சனத்தில இருக்க இடம் கிடைக்காது. அப்பிடியொரு செவ்வாய்க்கிழமை, நெருக்கியடிச்சு ஒரு மேசையில இருக்கேக்கதான் இந்தக் கட்டுரை தொடங்கினது. போனில செய்தி பாத்துக்கொண்டிருந்த நண்பன் ஒருத்தன் சத்தமா வாசிச்சான்: துப்பாக்கிச் சூடு, ரி-56 ரகத் துப்பாக்கி, சம்பவ இடத்தில 9 மில்லிமீற்றர் வெற்று ரவைக்கோதுகள்.

"56 எண்டா அதின்ர அளவா மச்சான்?" எண்டு இன்னொருத்தி கேட்டாள்.

ஒருத்தருக்கும் தெரியேல்ல. அந்த மேசையில வரலாறு ஒரு பாடமாப் படிக்கிற மூண்டு பேர் இருந்தம். கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது. 30 வருஷம் துவக்குச் சத்தத்தோட வாழ்ந்த நாட்டில பிறந்திட்டு, துவக்கில எழுதியிருக்கிற இலக்கம் என்ன சொல்லுது எண்டு தெரியாமல் இருக்கிறம்.

56 அளவு இல்லை, வருஷம். சீனா 1956இல ஏற்றுக்கொண்ட ஆயுதம் எண்டு அர்த்தம். அதின்ர அளவு 7.62 மில்லிமீற்றர். இதைத் தேடிக் கண்டுபிடிச்ச பிறகு அடுத்த கேள்வி வந்தது: ஏன் 7.62? ஏன் எல்லாத் துவக்கும் ஒரே அளவில இல்லை? ஆயுதம் சேர்க்கிற ஒரு ஆளோ, படையோ, நாடோ எத்தனை வித அளவை வைச்சிருக்க வேணும் எண்டு ஆர் முடிவெடுக்கினம்? அமெரிக்காவில துவக்குச் சேர்க்கிறவங்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி. பெட்டியில எத்தனை வித ரவை அடுக்கலாம் எண்டு இருந்து கதைப்பாங்கள். எங்களுக்கு அது வரலாற்றுக் கேள்வி. நாங்கள் தேடி வாசிச்சதையும், எங்களுக்குள்ள சண்டை பிடிச்சதையும் இதில எழுதுறம்.

அச்சு எண்ட சொல்

கலிபர் எண்டது துவக்குக் குழலின்ர உள் அகலம். சொல்லின்ர வேர் 'காலிப்' எண்ட அரபுச் சொல் எண்டு சொல்லுவினம். அதுக்கு அர்த்தம் அச்சு, வார்ப்பு. இந்த வேரை ஞாபகம் வைச்சிருந்தா மிச்சக் கதை லேசாப் புரியும். ஏனெண்டா ஆரம்பத்தில குண்டை ஒருத்தரும் கடையில வாங்கேல்ல. துவக்கோட சேர்த்து அதுக்குரிய அச்சையும் குடுப்பாங்கள். ஈயத்தை உருக்கி அந்த அச்சில ஊத்தி உங்கட குண்டை நீங்களே வார்க்க வேணும். பக்கத்தில நிக்கிறவனின்ர குண்டு உங்கட குழலுக்குள்ள போகாது, போனாலும் இறுகிச் சிக்கும்.

வேட்டைத் துவக்கை '12 போர்' எண்டு சொல்லுறதும் அந்தக் காலத்துக் கணக்குத்தான். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாப் பிரிச்சா, ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின்ர அகலம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதால இலக்கம் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 20 போர், 12 போரை விடச் சின்னன். பீரங்கிக்கும் இதே மாதிரி, அது சுடுற இரும்புக் குண்டு எத்தனை இறாத்தல் எண்டதுதான் பேர்.

எங்கட கூட்டத்தில வவுனியாப் பக்கத்து நண்பன் ஒருத்தன் இருக்கிறான். அவன்ர அம்மப்பாவிட்ட முந்தி இடியன் துவக்கு ஒண்டு இருந்ததாம். வாய்ப்பக்கத்தால மருந்தைப் போட்டு, தும்பு வைச்சு இடிச்சு, சன்னத்தைப் போட்டுத் திருப்பி இடிக்கிற நாட்டுத் துவக்கு. கொல்லன் செய்தது. "அதுக்கு கலிபர் என்ன?" எண்டு கேட்டம். "அந்தக் கொல்லனுக்கு அண்டைக்கு என்ன குழாய் கிடைச்சுதோ அதுதான்" எண்டான். சிரிச்சம். ஆனா யோசிச்சுப் பாத்தா 16ஆம், 17ஆம் நூற்றாண்டில உலகம் முழுக்க நிலைமை ஏறத்தாழ அதுதான்.

புதுக்கடையில விழுந்த குண்டு

எங்கட இடத்தில இருந்து நடந்து போற தூரத்தில புதுக்கடை இருக்கு. நீதிமன்றங்கள் இருக்கிற இடம். ஆங்கிலத்தில அதை ஹல்ஃப்ட்ஸ்டோர்ப் எண்டு சொல்லுறது ஏன் எண்டு முந்தி நாங்கள் யோசிச்சதில்லை. ஹெரார்ட் ஹல்ஃப்ட் எண்டவர் ஒல்லாந்தப் படையின்ர தளபதி. போர்த்துக்கேயரிட்ட இருந்த கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1655இல முற்றுகையிட்டினம். 1656 ஏப்ரல் 10ஆம் திகதி ஹல்ஃப்ட் துவக்குக் குண்டு பட்டுச் செத்தார். மே 12ஆம் திகதி கோட்டை விழுந்தது. அவர் பாசறை போட்டிருந்த இடத்துக்கு அவரின்ர பேர் நிலைச்சது. அதே புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ள 2025 பெப்ரவரி 19ஆம் திகதி ஒருத்தரைச் சுட்டுக் கொன்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சட்டப் புத்தகத்தின்ர தாளை வெட்டி, அதுக்குள்ள ரிவோல்வரை ஒளிச்சுக் கொண்டு வந்ததெண்டு பொலிஸ் சொன்னது. துவக்குக் குண்டால பேர் பெற்ற ஒரு இடம், 369 வருஷத்துக்குப் பிறகும் அதே காரணத்தால செய்தியில வருது.

போர்த்துக்கேயர் வந்த கொஞ்சக் காலத்திலேயே இலங்கைக் கொல்லர்கள் துவக்குச் செய்யப் பழகிட்டினம். நல்லாச் செய்தினம். வெளியால கொண்டு வந்ததை அப்பிடியே கொப்பி அடிக்கேல்ல. சிங்களத் துவக்குகளில சுடுபொறி இடப்பக்கம் இருக்கும், அடிக்கட்டை இரண்டாப் பிளந்து வளைஞ்சிருக்கும். கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனா நீங்களே பாக்கலாம். 1765இல ஒல்லாந்தப் படை கண்டிக்குள்ள புகுந்து அள்ளிக்கொண்டு போன பொருட்களில ஆறை, நெதர்லாந்து 2023 டிசம்பரில திருப்பித் தந்தது. அதில லெவ்கே திசாவையின்ர அலங்காரப் பீரங்கியும், இரண்டு பெரிய சுவர்த் துவக்கும் இருக்கு. பீரங்கியில பொன், வெள்ளி, மாணிக்கம் எல்லாம் பதிச்சிருக்கு.

எல்லாரும் பொன்னைத்தான் படம் எடுக்கினம். நாங்கள் குழல்களின்ர வாயைப் பாத்தம். கையால செய்த துவக்கு ஒவ்வொண்டுக்கும் தன்ர அளவு, தன்ர அச்சு. மலையில பதுங்கி நிண்டு சுடுற ஆளுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. அவன் தன்ர துவக்கை அறிவான், தன்ர குண்டைத் தானே வார்ப்பான். ஆனா ஆயிரம் பேரை வரிசையில நிப்பாட்டிச் சுடுறதெண்டா ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற குண்டு குடுக்கேலாது.

பிரித்தானியன் கொண்டு வந்த 'பிரவுன் பெஸ்' துவக்கு இந்த இடத்திலதான் வேறுபடுது. அதின்ர குழல் முக்கால் அங்குலம், குண்டு அதை விடச் சின்னன், கிட்டத்தட்ட 0.69 அங்குலம். வேணுமெண்டுதான் தளர்வா விட்டாங்கள். மருந்துக் கரி குழலுக்குள்ள படிஞ்சாலும் குண்டு இறங்கும், குழல்கள் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஒரே குண்டு எல்லாத்துக்கும் போகும். குறி கொஞ்சம் தவறும். ஆனா ஒரே பெட்டியில இருந்து எல்லாருக்கும் அள்ளிக் குடுக்கலாம்.

பிரான்சில கிரிபோவால் எண்ட பீரங்கி அதிகாரி 1765இல தொடங்கின சீர்திருத்தமும் இதுதான். களத்துக்குக் கொண்டு போற பீரங்கி 4, 8, 12 இறாத்தல் எண்டு மூண்டு அளவு. பிறகு நெப்போலியன் ஐரோப்பாவை ஓடித் திரிஞ்சது அந்தப் பீரங்கிகளோட. கண்டிக்குள்ள ஒல்லாந்தர் புகுந்ததும் அதே 1765இலதான். ஒரு பக்கம் மாணிக்கம் பதிச்ச தனிப் பீரங்கி, மற்றப் பக்கம் மூண்டே அளவில வரிசையா வார்த்த பீரங்கி. கண்டி தோத்தது துவக்கு இல்லாமல் இல்லை, 1803இல பிரித்தானியப் படையையே கண்டி அழிச்சது. ஆனா நீண்ட போரில அச்சு ஒண்டா இருக்கிறவன் பக்கம் காற்று வீசும் எண்டது எங்கட வாசிப்பு. 1815இல காலம் வேற காரணங்களோட சேர்ந்து முடிவை எழுதிச்சு.

ஒரு பேரரசு, ஒரு ரவை

1888இல பிரித்தானியா .303 அங்குல ரவையை ஏற்றது. எங்கட தாத்தாமார் 'திறீ-நொட்-திறீ' எண்டு சொல்லுறது இதைத்தான். கனடாவில இருந்து அவுஸ்திரேலியா வரை ஒரே ரவை. கொழும்புத் துறைமுகத்தில இறங்கின பெட்டியை இந்தியாவிலும் சுடலாம், எகிப்திலும் சுடலாம். பிறகு வந்த பிரென் இயந்திரத் துவக்கும் அதே ரவைக்குத்தான். எத்தனை கலிபர் வேணும் எண்ட கேள்விக்குப் பேரரசு சொன்ன பதில்: காலாட்படைக்கு முக்கியமா ஒண்டு.

ஆனா அந்த ஒரு அளவைத் தெரிவு செய்ததுக்குப் பின்னால ஒரு அசிங்கமான கதை இருக்கு. ரவை சின்னன், வேகம் கூட. உடம்புக்குள்ளால துளைச்சுக்கொண்டு போயிடுது, எல்லைப்புறத்து 'காட்டுமிராண்டிகளை' நிப்பாட்டுது இல்லை எண்டு 1895 சித்ரால் போருக்குப் பிறகு அதிகாரிகள் முறைப்பாடு சொன்னாங்கள். அதுக்காகக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில டம்டம் ஆயுதச் சாலையில ரவையின்ர நுனியை மெதுவாச் செய்தாங்கள், உடம்புக்குள்ள போனதும் விரியும். 1899 ஹேக் பிரகடனம் விரியிற ரவையைத் தடை செய்தது. 'டம்டம் ரவை' எண்ட பேர் மட்டும் மிஞ்சிச்சு. கலிபரைப் பற்றிக் கதைக்கேக்க மேசையில அளவுகோல் மட்டும் இருக்கிறதில்லை, ஆரின்ர உடம்பு எண்ட கேள்வியும் இருக்கு. இதை இந்த இடத்தில குறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ, கடைசியில திரும்பி வருவம்.

ஒரே அளவுக்கு இன்னொரு விலையும் இருக்கு. 1900இல இலங்கையில இருந்து குதிரைப்படைக் குழு ஒண்டு தென்னாபிரிக்காவுக்குப் போனது, போவர் போருக்கு. போவர்கள் வைச்சிருந்தது ஜேர்மன் மவுசர், 7 மில்லிமீற்றர். கடல்வழி அடைபட்டு மவுசர் ரவை தீர்ந்தவுடன அவர்கள் என்ன செய்தார்கள்? பிரித்தானியச் சிப்பாயிட்ட இருந்து துவக்கையும் .303 ரவையையும் பறிச்சு, அதாலயே திருப்பிச் சுட்டார்கள். பிடிபட்ட போவர்கள் ஆயிரக்கணக்கில தியத்தலாவைக்குக் கைதிகளா வந்தது வேற கதை. பாடம் இதுதான்: நீங்கள் ஒரே அளவை எல்லா இடமும் வைச்சிருந்தா, உங்கட களஞ்சியம் எதிரிக்கும் களஞ்சியம்.

இதைவிட விசித்திரமான ஒண்டு எங்கட தலைக்கு மேலேயே நடந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பான் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. கொச்சிக்கடைக்குப் பின்னால இருக்கிற அதே துறைமுகம். ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்துப் பறந்தன, அதில இருந்தது .303 இயந்திரத் துவக்குகள். ஜப்பானியக் கடற்படையின்ர சீரோ விமானத்தில 20 மில்லிமீற்றர் பீரங்கியோட 7.7 மில்லிமீற்றர் இயந்திரத் துவக்கும் இருந்தது. 7.7 எண்டது .303 அங்குலம்தான். ஜப்பானியக் கடற்படை பிரித்தானிய ரவையையே பின்பற்றிச் செய்தது. ஆக அண்டைக்குக் கொழும்பு வானத்தில இரண்டு பக்கமும் சுட்டது அடிப்படையில ஒரே ரவையை. ஆனா ஜப்பானியத் தரைப்படையின்ர 7.7 வேற நீளம், வேற கோது. அதோட பழைய 6.5உம் பாவனையில இருந்தது. எதிரியோட ஒத்துப் போற ரவை சொந்த நாட்டுத் தரைப்படையோட ஒத்துப் போகேல்ல.

இத்தாலிக்கும் இதே தலையிடி. 1938இல 6.5 போதாது எண்டு 7.35 மில்லிமீற்றருக்கு மாற முடிவெடுத்தது. மாறி முடியிறதுக்குள்ள போர் வந்திட்டுது. திரும்பவும் 6.5க்கே போனது. இடையில செய்த 7.35 துவக்குகள் நடுவில கிடந்தன. அளவை மாத்துறது சட்டையை மாத்துற மாதிரி இல்லை. தொழிற்சாலை, களஞ்சியம், பயிற்சி எல்லாத்தையும் மாத்த வேணும். அதாலதான் ஒரு நாட்டின்ர 'சேகரிப்பு' பெருகிறது. புதுசை வாங்குவினம், பழசை எறிய மனம் வராது.

7.62 எண்ட ஒரே இலக்கம், மூண்டு ரவை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியா .280 எண்ட இடைத்தர ரவையைச் செய்து, 1951இல ஏற்றுக்கொள்ள முடிவும் எடுத்தது. அமெரிக்கா ஒத்துக்கொள்ளேல்ல, தன்ர பெரிய 7.62தான் வேணும் எண்டது. சேர்ச்சில் ஆட்சிக்கு வந்து .280ஐக் கைவிட்டார். 1954இல நேட்டோவின்ர பொது அளவு 7.62×51 ஆனது. 51 எண்டது கோதின்ர நீளம், மில்லிமீற்றரில. வேடிக்கை என்னண்டா, எல்லாரையும் வற்புறுத்தின அமெரிக்காவே வியட்நாம் போர்க்காலத்தில 5.56க்கு மாறிச்சு. நேட்டோ 1980இல பின்னால போனது.

சோவியத் பக்கம் 7.62×39. ஏகே-47 சுடுறது இது. சீனாவின்ர ரி-56உம் இதுதான். சீனாவில இந்த ரைபிளுக்கும், வேறொரு கார்பைனுக்கும், ஒரு இலகு இயந்திரத் துவக்குக்கும் 'ரி-56' எண்டுதான் பேர், மூண்டுக்கும் ஒரே ரவை. ஆனா பி.கே.எம் மாதிரியான இயந்திரத் துவக்குக்கு 7.62×54, அது ரஷ்யா 1891இல கொண்டு வந்த பழைய ரவை. ஆக 39, 51, 54. மூண்டும் 7.62. ஒண்டு மற்றதின்ர துவக்கில வேலை செய்யாது. பெட்டியில '7.62' எண்டு மட்டும் எழுதியிருந்தா, உள்ள இருக்கிறதால சுடலாமா எண்டு உங்களுக்குத் தெரியாது. பிஸ்டல் ரவையும் அப்பிடித்தான், 9×19 வேற, ரஷ்ய 9×18 வேற. செய்தியில '9 மில்லிமீற்றர்' எண்டு வாசிக்கேக்க பாதி விசயம்தான் தெரியுது.

எடையையும் பாருங்கோ. 7.62×51 ரவை ஒண்டு ஏறத்தாழ 24 கிராம். 7.62×39 ஏறத்தாழ 16, 17 கிராம். 5.56 ஏறத்தாழ 12 கிராம். அதே பாரத்தில இரண்டு மடங்கு 5.56 ரவையைச் சுமக்கலாம். அதுக்குப் பதிலா தூரத்தையும் தாக்கத்தையும் கொஞ்சம் இழக்க வேணும். 'எத்தனை கலிபர்' எண்ட வாதம் முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

இப்ப எங்கட நாட்டுக்கு வருவம். இலங்கை இராணுவம் 1949 ஒக்ரோபர் 10ஆம் திகதி தொடங்கினது, கையில பிரித்தானியன் விட்டிட்டுப் போன .303. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி கிளர்ச்சி. கிளர்ச்சிக்காரரிட்ட வேட்டைத் துவக்கும் கையால செய்த குண்டும். அரசாங்கத்திட்டயும் பெரிசா ஒண்டும் இல்லை. சிறிமாவோ அரசாங்கம் எல்லாப் பக்கமும் கை நீட்டினது. இந்தியா, பிரித்தானியா, சோவியத், யூகோஸ்லாவியா எண்டு பல பக்கத்தால உதவி வந்தது. 1980களில போர் பெருக்கேக்க ஆர் விக்கிறாங்களோ அவையிட்ட வாங்கினது. நேட்டோ அளவில எஸ்.எல்.ஆர், ஜி3. சீன அளவில ரி-56. சில விசேட படைகளுக்கு 5.56. கடைசியில பெரும்பாலும் ரி-56 வென்றது. அது மற்றதை விடச் சிறந்தது எண்டதால மட்டும் இல்லை. மலிவு, நிறையக் கிடைச்சது, சீனா கேள்வி கேக்காமல் வித்தது.

எங்களுக்கு இதில விளங்கினது இதுதான். தானே துவக்குச் செய்யாத நாட்டின்ர கலிபர் பட்டியல், அந்த நாட்டின்ர வெளிநாட்டுக் கொள்கை. களஞ்சியத்தில கிடக்கிற ரவையைப் பாத்தா, எந்த வருஷம் ஆரோட நட்பு எண்டு சொல்லிப்போடலாம்.

இந்தியாவுக்கும் இங்கதான் பாடம் கிடைச்சது. 1987இல வந்த அமைதிப்படையிட்ட இருந்தது நீட்டுக் குழல் எஸ்.எல்.ஆர், 7.62×51. எதிரில ஏகே வகை. பத்தைக்குள்ளயும் ஒழுங்கைக்குள்ளயும் நடந்த சண்டையில எது வசதி எண்டு சொல்லத் தேவையில்லை. அதுக்குப் பிறகு இந்தியா ஏகேயும் வாங்கினது, இன்சாஸ் எண்டு 5.56இல தானே செய்தது. இப்ப? 2019இல 72,400 சிக் 716 ரைபிளுக்கு ஓடர் குடுத்தது, அது 7.62×51. 2021 டிசம்பரில ரஷ்யாவோட ஆறு இலட்சத்துக்கு மேல ஏகே-203 செய்ய ஒப்பந்தம், அது 7.62×39. இன்சாஸும் இன்னும் பாவனையில இருக்கு. உலகத்தின்ர மிகப் பெரிய படைகளில ஒண்டு, ஒரே காலாட்படைக்கு மூண்டு அளவு வைச்சிருக்கு. ஒரே அளவு எண்ட கனவு புத்தகத்திலதான் சுத்தமா இருக்கும் போல.

மற்றப் பக்கம்

இவ்வளவையும் எழுதி முடிச்சு, ஒரு பின்னேரம் அதே கடையில வாசிச்சுக் காட்டினம். ஆயுதக் குழுக்கள் ஏன் இராணுவத்தின்ர அளவையே விரும்பினது எண்ட பகுதியையும் வாசிச்சம். போவர் கதைதான் அது. எதிரியின்ர முகாம் விழுந்தா ரவையும் கிடைக்கும், 1996இல முல்லைத்தீவு முகாம் விழுந்தப்போ புலிகளுக்கு 122 மில்லிமீற்றர் ஆட்லறியே கிடைச்சது. நாங்கள் கொஞ்சம் உற்சாகமா வாசிச்சிருப்பம் எண்டு நினைக்கிறம். இலக்கங்கள் ஒண்டோட ஒண்டு பொருந்துறது ஒரு சந்தோசம் தரும்.

புதுக்குடியிருப்பில இருந்து வந்து எங்களோட கலைப்பீடத்தில படிக்கிறவள் ஒருத்தி ஒண்டும் கதைக்காமல் எழும்பிப் போயிட்டாள். அடுத்த நாள் கன்ரீனில கேட்டம். "நீங்கள் கலிபர் எண்ட சொல்லை இந்த மாதம்தான் படிச்சனீங்கள். எங்கட வீட்டில அது சமையல் சொல்லு மாதிரி. பிப்டி கலிபர் எண்டா என்ன எண்டு நான் ஐஞ்சு வயசில அறிவன்" எண்டாள்.

அவள் சொன்னது சரி. தமிழில 'கலிபர்' எண்ட சொல் சனத்துக்குத் தெரிஞ்சது புத்தகத்தால இல்லை. ஹெலியில இருந்து சுட்ட 'பிப்டி கலிபர்'ஆல. அது அரை அங்குலம் எண்டோ, 12.7 மில்லிமீற்றர் எண்டோ ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல. கல்வீட்டுச் சுவருக்குள்ளால வரும் எண்டு மட்டும் தெரியும். அவளின்ர அம்மாவுக்கு 81க்கும் 120க்கும் சத்தத்தில வித்தியாசம் தெரியுமாம். மோட்டார் குழலில இருந்து கிளம்புற 'டும்' சத்தம் கேட்டவுடன எத்தனை எண்ணினா விழும் எண்டு கணக்கு. ஆட்லறி எண்டா வேற கணக்கு, மல்ரி பரல் எண்டா எண்ண நேரமில்லை, பதுங்கு குழிக்குள்ள பாய வேண்டியதுதான். நாங்கள் மூண்டு மாதம் வாசிச்சுப் போட்ட பட்டியலை விட அந்த அம்மாவின்ர பட்டியல் நீளம். அதை அவ எந்தப் புத்தகத்திலயும் படிக்கேல்ல.

டம்டம் கதையைக் கடைசியில திரும்ப எடுப்பம் எண்டு சொன்னது இதுக்குத்தான். எத்தனை கலிபர் வைச்சிருக்கிறது எண்ட முடிவை எடுக்கிறவன் விலை, எடை, வழங்கல் எண்டு மூண்டைப் பாப்பான். நாலாவது ஒண்டு இருக்கு, அது அவன்ர மேசைக்கு வாறதில்லை. கொச்சிக்கடை ஆக்களுக்கும் இது புதுசு இல்லை. 2019 ஏப்ரல் 21, இன்னொரு உயிர்த்த ஞாயிறு. அண்டைக்கு வந்தது ரவை இல்லை. ஆனா கோயிலுக்குள்ள இருந்தவைக்கு ஆயுதத்தின்ர வகை எண்ட கேள்வி எவ்வளவு தூரத்துக் கேள்வி எண்டு எங்கட தெருவுக்குத் தெரியும்.

எங்கட முடிவு

சரி, இப்ப ஒரு தேவையான கேள்வி. போர் முடிஞ்சு இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு ரி-56 ஏன் இன்னும் கொட்டாஞ்சேனைச் செய்தியில வருது? இந்தக் கட்டுரைக்குள்ளயே ஒரு பதில் இருக்கு. ஒரு நாடு ஒரே அளவை இலட்சக்கணக்கில கொண்டு வந்து குவிச்சா, அந்த அளவு மலிவாகும், ஒழுகும். ஒழுகின துவக்குக்கு ரவை தேடவும் கஷ்டம் இல்லை. 1915 கலவரத்துக்கு அடுத்த வருஷம், 1916இல வந்த துப்பாக்கிச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. வேட்டைத் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க விவசாயி அலையிறான். போரால வந்த துவக்குக்கு ஒருத்தரும் பத்திரம் கேக்கிறதில்லை. வழங்கலுக்கு வசதி எண்டு எடுத்த முடிவின்ர மிச்சத்தை இப்ப தெருவில இருக்கிற நாங்கள் அனுபவிக்கிறம்.

எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு வைச்சம். இந்த நாட்டின்ர வரலாற்றுக்கு ஒரு அருங்காட்சிய அலுமாரி செய்தா எத்தனை கலிபர் வைப்பீங்கள்? ஒருத்தன் எல்லாம் வேணும் எண்டான், 1656இன் ஈயக் குண்டில இருந்து 5.56 வரை. இன்னொருத்தி ஆறு போதும் எண்டாள். கண்டிக் கொல்லனின்ர அச்சு, பிரவுன் பெஸ் குண்டு, .303, 12 போர், 7.62×51, 7.62×39. ஒவ்வொண்டுக்குப் பக்கத்திலயும் ஆர் வித்தது, எந்த வருஷம் எண்டு எழுத வேணும் எண்டாள். பெரும்பாலான ஆக்கள் அவள் பக்கம். ஆறு ரவையை வரிசையா வைச்சா 370 வருஷம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடங்கும்.

புதுக்குடியிருப்பு நண்பியிட்டயும் கேட்டம். அவள் இலக்கம் ஒண்டும் சொல்லேல்ல. "ரவையை வையுங்கோ, பிழையில்லை. ஆனா ஒவ்வொரு ரவைக்குப் பக்கத்திலயும் அதின்ர சத்தத்தையும் வையுங்கோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன், எது எது எண்டு அவ சொல்லுவா" எண்டாள்.

அந்த அம்மா அடுத்த மாதம் கிளினிக்குக்கு கொழும்பு வாறா. நாங்கள் ஒரு ரெக்கோடர் இரவல் வாங்கி வைச்சிருக்கிறம். அவவின்ர பட்டியலை அவவின்ர குரலிலயே கேட்டு, அடுத்த கட்டுரையா எழுதுவம்.